உப்பு அளக்கும் வரை

2003 ஜனவரி 16, வியாழக்கிழமை. மாத்தளை.

ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்து, நேற்றைய வேட்டியைத் துவைத்து ஜன்னல் கம்பியில் உலர்த்தி, சவரம் செய்து, முந்திய நாளின் குறிப்பை எழுதி முடித்தபோது முத்துமாரியம்மன் கோயில் மணி கேட்டது. விடுதிக்கு எதிரே உள்ள சாப்பாட்டுக் கடையில் காலை உணவு. இட்லி கேட்டேன், இடியப்பம் இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட மஞ்சள் சொதியும் சிவந்த சம்பலும் உடன் வந்தன. சம்பலில் மாசிக் கருவாடு உண்டா என்று கேட்டேன். பரிமாறியவர் ஆறுதலான குரலில், "மாசி இல்லீங்க ஐயா, வாசத்துக்குக் கொஞ்சந்தான்" என்றார். சொதியோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் கும்பகோணத்தில் ஒரு மசாலாக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் எங்களுக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். தரகர் இல்லாமல், மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் மூன்று ஆண்டு விளைச்சலை நேரே பேசி முடிக்கலாம் என்று முதலாளி என்னை அனுப்பியிருந்தார். அனுப்பும்போது ஒன்று சொன்னார்: "காய் எப்படி இருக்குன்னு நீங்க பாத்துடுவீங்க. மரம் யாரு மண்ணுல நிக்குதுன்னு அதுக்கு முன்னாடி பாத்துடுங்க."

அதைக் கேட்கவே பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நவாஸின் கடைக்குப் போனேன். நவாஸ் கைத்தொலைபேசி விற்பவர், முப்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. ஜாதிக்காய்த் தோட்டம் யட்டவத்தைக்கு அப்பால் அவருடைய மாமியார் ரஹ்மத்தும்மாவின் வசம் இருக்கிறது. விற்பனையை மருமகன் பார்த்துக்கொள்கிறார்.

"மண்ணு யாருடையது?" என்றேன்.

"மண்ணு தேவாலைட. மரம் மாமிட. நாங்க நிலக்காரர்."

தேவாலை என்பது சிங்களவர்கள் தெய்வங்களுக்குக் கட்டிய கோயில். பழைய தேவாலைகளுக்கு ஊர் ஊராக நிலம் உண்டு என்று படித்திருக்கிறேன். நிலக்காரர் என்றால் என்ன என்று கேட்டேன்.

"வாடகைக்காரர் மாதிரித்தான். ஆனா வாடக இல்ல."

"வாடகை இல்லாத வாடகைக்காரர் எப்படி?"

"அதுதானே தொல்ல. சனிக்கிழமையோட முடிஞ்சிரும் ஐயா. தேவாலைக்குப் புது விதானை ஒருத்தர் வந்தீக்கி. படிச்ச ஆள். வருசத்துக்கு இவ்வளவு வாடக எண்டு ஒப்பந்தம் எழுதித் தாறார். மாமி கையெழுத்து வெச்சா எல்லாம் சட்டப்படி. மாமிதான் ஏலா எண்டு நிக்கிறா. நீங்க கணக்குத் தெரிஞ்ச ஆள், ஒரு வார்த்த செல்லுங்களேன்."

விதானை என்பவர் தேவாலை நிலங்களை மேற்பார்க்கிறவர். நம் ஊரில் கோயில் நிலத்துக்கு மணியக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாலையில் விடுதி மேலாளரிடம் அதே சொல்லைக் கேட்டேன். அவர் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுகிறார். "அது ராஜா காலத்துப் பேச்சு. நிலக்காரயா. கோயில் காணியில் இருப்பான், கோயிலுக்கு வேலை செய்வான்" என்றார். அப்படியானால் கூலியாளா என்றேன். அவர் சற்றே புண்பட்டவர்போல், "என் மனைவியின் தகப்பனார் ஒரு நிலக்காரயா. கூலியாள் இல்லை" என்று சொல்லி, பேரேட்டைப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் இதற்குச் சொற்கள் ஏராளம். குத்தகைதாரர், வாரதாரர், பண்ணையாள். அதற்கும் முந்திய காலத்தில் உள்குடி, புறக்குடி. இவற்றில் எதிலும் இந்த மனிதரைப் போட முடியவில்லை. படுப்பதற்கு முன் இந்தச் சொல்லுக்கென்று ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு வைத்தேன்.

ஜனவரி 17, வெள்ளி.

காலையில் செல்வராஜ் வந்தார். உக்குவளைக்காரர், நாற்பது வயது. ஆட்டோவை இங்கே திரீவீல் என்கிறார்கள். அவருடையது பச்சை நிறம், முன்கண்ணாடியில் பிள்ளையாரும் வேளாங்கண்ணி மாதாவும் அருகருகே. மூன்று நாளைக்கு அவரையே அமர்த்திக்கொண்டேன். அவர் சிங்களமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார்.

சண்டை நிறுத்தம் வந்து ஓராண்டாகப் போகிறது. சோதனைச் சாவடிகளில் மணல் மூட்டைகள் இருக்கின்றன, ஆட்கள் பாதி இடங்களில் இல்லை. ஊருக்கு வெளியே ஒரு சாவடியில் மட்டும் நிறுத்தினார்கள். இளம் சிப்பாய் என் கடவுச்சீட்டைப் பார்த்தார், பிறகு பையிலிருந்த மாதிரி ஜாதிக்காயை எடுத்து முகர்ந்தார். ஏதோ கேட்டார். செல்வராஜ் மொழிபெயர்த்தார்: "வயித்துக்கு நல்லதாமேன்னு கேக்குறாருங்க. ஒண்ணு குடுக்கலாமான்னு." கொடுத்தேன். சிப்பாய் சலாம் வைத்தார்.

சாலை ஏறத் தொடங்கியது. மரந்தோறும் மிளகுக்கொடி, இடையிடையே கொக்கோ, ரப்பர். ஒரு திருப்பத்தில் வண்டி முனகி நின்றுவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் கேட்காமலே இறங்கிவந்து தள்ளிவிட்டு, கேட்காமலே திரும்பி ஏறிக்கொண்டார்கள். நம் ஊராக இருந்தால் முதலில் எஞ்சினைப் பற்றி இரண்டு கருத்துகள் சொல்லியிருப்பார்கள்.

தள்ளி முடித்து ஏறிய பிறகு செல்வராஜிடம் நிலக்காரரைப் பற்றிக் கேட்டேன்.

"எங்களையும் பாருங்க ஐயா. அப்பா தோட்டத்துல வேல. வேலைக்குப் போனாத்தான் லயத்துல, அந்த வரிசை வீட்டுல, ஒரு காம்பரா. தோட்டத்த அரசாங்கம் எடுத்தப்ப, ஒரே வாரத்துல எங்கள எழும்பச் சொல்லிட்டாங்க. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். உக்குவளையில மாமா வீட்டுக்கு வந்து சேந்தோம். நாங்களும் வேல செஞ்சுதான் குடியிருந்தோம். எங்கள யாரும் நிலக்காரர்னு சொல்லல."

"என்ன வித்தியாசம்?"

"அதத்தான் நானும் பாக்கணும்ங்க" என்றார்.

ரஹ்மத்தும்மாவின் தோட்டம் ஓர் ஓடைக்கு மேல் சரிவில் இருக்கிறது. ஜாதி மரங்கள் உயரமாக, இருட்டாக, ஒழுங்காக நின்றன. வெடித்த காய்களுக்குள் செக்கச் சிவந்த பத்திரி தெரிந்தது. அதை இங்கே வசவாசி என்கிறார்கள். பாய்களில் காயப் போட்டிருந்த பத்திரியை உரசிப் பார்த்தேன், ஒடித்துப் பார்த்தேன், நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதல் தரம். முதலாளிக்கு முதல் கேள்விக்கான பதில் கிடைத்துவிட்டது.

ரஹ்மத்தும்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கலாம். சிறிய உடம்பு, வெள்ளைத் துணியால் தலையை மூடியிருந்தார். கணவர் போன மார்ச்சில் இறந்துபோனார். மகன் கத்தாரில். மகளும் நவாஸும் டவுனில். எனக்குப் பலாக்காய்க் கறி, பருப்பு, பாகற்காய்ச் சம்பல். "மாசி போடல்ல. நீங்க சைவம் எண்டு மருமகன் போன்ல சென்னார்" என்றார். இந்த நாட்டில் நான் நிம்மதியாகச் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

சாப்பிட்ட பின் கேட்டேன். அவர் எழுந்து உள்ளே போய், பன் என்னும் கோரைப்புல்லால் பின்னிய இரண்டு பைகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கல்லுப்பு. புத்தளத்திலிருந்து வந்ததாம்.

"இதுதான் ஐயா எங்கட நிலக்காரம். எங்கட வீட்டுக்காரர்ட ஆளுங்க முந்திக் காலத்துல தவளம் மாடு வெச்சு ஏவாரம் செஞ்சாங்க. கரையோரத்துல உப்பு வாங்கி, மாட்டு முதுகுல ஏத்தி, மலைக்குக் கொண்டாந்தாங்க. தேவாலை அடுப்புக்கு உப்புக் குடுக்கிறதுக்கு இந்தக் காணியத் தந்தீக்கி. புது அரிசி சமைக்கிற நாளைக்கு உப்புக் கொண்டுபோகணும். தேவாலை ஆளுங்க அளந்து எடுக்கணும். அளந்தா அந்த வருசம் எங்கட காணிப் பங்கு உசிரோட ஈக்கி. அளக்காட்டி பங்கு செத்துப் போச்சு. பொறகு காணி அவங்கட இஷ்டம்."

"அந்த நாள் எப்போது?"

"நாளைக்கி."

இப்போது சனிக்கிழமையின் பொருள் எனக்குப் புரிந்தது. கணவர் இருந்தவரை ஆண்டுதோறும் அவர் சுமந்தார். அவர் இல்லாத முதல் ஆண்டு இது. சுமக்க ஆண் இல்லாத பங்குக்கு வாடகை ஒப்பந்தம் என்பது விதானையின் யோசனை. ரஹ்மத்தும்மா கையெழுத்து வைத்தாலும் வீட்டில் இருக்கலாம், மரத்தில் காய் பறிக்கலாம். வாடகையும் பெரிதில்லை.

நவாஸ் கேட்டுக்கொண்டபடி என் கருத்தைச் சொன்னேன். எங்கள் தஞ்சை ஜில்லாவில் குத்தகைக்குச் சாகுபடி செய்தவனுக்கு ரசீதுதான் உயிர். என் தகப்பனார் குத்தகைதாரர். ரசீது கையில் இருந்தவன் கோர்ட்டில் நின்றான், இல்லாதவனை ஒரே நாளில் வரப்பை விட்டு இறக்கினார்கள். எழுத்தில் இருப்பது நல்லது, வாடகை கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் என்று எனக்கே திருப்தியாக இருந்தது.

அவர் முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஒங்கட ஊருல நிலம் அவங்கட, நீங்க கேட்டு வாங்கினீங்க. கட்டினாத்தான் ஒங்கட. இங்க அப்பிடி இல்ல. வாடக கட்டுறவனுக்கு இந்த வருசம் ஒரு தொக, வாற வருசம் ஒரு தொக. கட்ட ஏலாத வருசம் எழும்பு எண்டுவாங்க. உப்பு கூடவும் மாட்டா, கொறயவும் மாட்டா. அரிசி சமைக்கிற காலம் வரைக்கும் உப்பு வேணும்தானே? எங்கள எழுப்பினா சோத்துக்கு உப்பில்ல."

செல்வராஜ் வாசல் படியில் உட்கார்ந்து பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். "லயத்துக்காரங்களுக்கும் யாராச்சும் இப்பிடி உப்புக் காணி குடுத்திருக்கலாம்" என்றார்.

"ஒங்களுக்குத் தேயிலை தந்தாங்கதானே தம்பி."

"தந்தாங்க அக்கா. பறிக்கத் தந்தாங்க."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

ஜும்மா முடிந்து நவாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாளைக்குச் சுமக்க வரமாட்டேன் என்று சொல்லவே வந்திருந்தார். தோளில் காவுதடி வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தால் டவுனில் யாராவது பார்ப்பார்கள் என்றார். அதுவும் போக, கோயிலுக்கு உப்புச் சுமப்பது நமக்கு ஆகுமா என்றார்.

"சாமிக்கு எண்டு யார் சென்ன? அடுப்புக்கு. அடுப்புக்கு என்ன மார்க்கம்?" என்றார் ரஹ்மத்தும்மா.

"மாமி, நாளைக்கு நான் அங்கதான் இருப்பேன். விதானையோட. பேப்பர் ரெடி. நீங்க வந்து கையெழுத்து மட்டும் வைங்க."

"இரிங்க, பிளேன்டீ தாறேன்."

"வேணாம்."

"கோவத்துக்குச் சீனி கூடப் போட்டுத் தாறேன்."

குடித்துவிட்டுத்தான் போனார்.

அப்படியானால் உப்பை யார் சுமப்பது என்று கேட்டேன். சுமக்கிறவர் யாராகவும் இருக்கலாமாம். தோட்டத்து ஓடையிலிருந்து தேவாலை வரை தோளில் போக வேண்டும், வண்டியில் கூடாது. சமையல் கட்டுக்குள் எடுத்துப் போவது மட்டும் பங்கு வீட்டின் ஆளாக இருக்க வேண்டும். அந்தக் கட்டுக்குள் பெண்கள் போவதில்லை.

"அப்போ கடைசியில என்ன செய்வீங்க?" என்றார் செல்வராஜ்.

"அங்க போய்ப் பாப்பம்" என்றார் ரஹ்மத்தும்மா. "வாசல் வரைக்கும் நீங்க தூக்குவீங்களா தம்பி?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் அமர்த்திய ஆள் அவர். நான் தலையசைத்தேன்.

எங்கள் இருவருக்கும் காய் உலர்த்தும் கொட்டகையில் பாய் போட்டார்கள். ஜாதிக்காய் வாசனையில் நன்றாகத் தூக்கம் வரும் என்று கடையில் வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். உண்மைதான்.

ஜனவரி 18, சனி.

எழுந்ததும் எண்பத்தொன்பதாம் ஆண்டைப் பற்றி ரஹ்மத்தும்மா ஒரு செய்தி சொன்னார். நான் கேட்கவில்லை, பைகளின் வாயைக் கட்டும்போது தானாகச் சொன்னார். அந்த ஆண்டு இந்தப் பக்கம் முழுக்கக் கலவரம், சிங்களப் பையன்களின் கலவரம். ஊரடங்கு. ரோட்டில் டயர் எரிந்தது, டயரோடு ஆட்களும் எரிந்தார்கள். கணவர் ஓடைக்குள்ளேயே நடந்து உப்புக் கொண்டுபோனார். தேவாலையில் சனம் இல்லை, மேளம் இல்லை. சமையற்காரர் ஒருவர், சட்டி கொண்டுவந்த குயவர் ஒருவர். மூவருமாக உப்பை அளந்து, சோற்றைப் பொங்கி, சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். "பயத்துலதான் போனார். திரும்பி வந்து ரெண்டு நாள் காய்ச்சல்" என்றார்.

செல்வராஜ் காவுதடியைத் தோளில் வைத்தார். இரண்டு முனையிலும் உப்புப் பை. முதல் பத்தடிக்குள் ஒரு பை முன்னால் ஊசலாடி, மற்றது பின்னால் ஊசலாடி, அவர் நடுவில் ஆடினார்.

"தோள மாத்துங்க தம்பி, இடுப்ப ஆட்டாதீங்க. கலியாணத்துக்கா போறீங்க?"

"ஸ்டியரிங் இல்லாம ஓட்டிப் பழக்கம் இல்லக்கா."

பின்னால் ரஹ்மத்தும்மா குடையோடு. கடைசியில் நான், கையில் ஒன்றுமில்லாமல். வழியில் வயல்கள் அறுவடை முடிந்து வெறும் தாளாக நின்றன. ஒரு வீட்டு முற்றத்திலிருந்து ஒரு சிங்களப் பெண் கூப்பிட்டு, இந்த வருஷம் யார் சுமக்கிறார் என்று கேட்டார். "உக்குவளை ஆள்" என்று பதில் போனது. "மெலிந்த ஆளாக இருக்கிறாரே" என்று அவர் சொன்னதாகச் செல்வராஜே எனக்கு மொழிபெயர்த்தார்.

தேவாலை நான் நினைத்ததைவிடச் சிறியது. ஓடு வேய்ந்த கூரை, மண் சுவர், வெள்ளைச் சுண்ணாம்பு. நம் ஊர்க் கோபுரங்களைப் பார்த்த கண்ணுக்கு ஒரு பெரிய வீடு. பக்கவாட்டில் தனியாகச் சமையல் கட்டு. அதன் முன்னால் முற்றத்தில் ஆட்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். விறகுக் கட்டோடு ஒருவர், புது மண்சட்டிகளைக் கயிற்று உறியில் தொங்கவிட்டு ஒருவர், நெல் குத்திய புது அரிசியோடு இருவர், வாழையிலைக்காரர், கடைசியில் மேளக்காரர்கள். அத்தனை பேரும் நிலக்காரர்கள். ஒவ்வொருவர் பங்குக்கும் ஒவ்வொரு வேலை. வரிசையின் தலையில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது உப்பின் இடம். முதலில் உப்பு உள்ளே போகும், பிறகு விறகு, சட்டி, அரிசி. நாமும் புது வீட்டுக்குள் முதலில் உப்பைத்தான் எடுத்துப் போகிறோம். இதை ரஹ்மத்தும்மாவிடம் சொன்னபோது, "எல்லா ஊர்லயும் புத்தி ஒண்டுதான்" என்றார்.

விதானை ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். இளைஞர், கண்ணாடி, சட்டைப் பையில் இரண்டு பேனா. பக்கத்து நாற்காலியில் நவாஸ். நேர்மையாகச் சொல்கிறேன், விதானையை எனக்குப் பிடித்திருந்தது. காகிதங்களின் ஓரங்களை ஒன்றோடொன்று தட்டிச் சரிசெய்கிற மனிதர். அவர் மரியாதையாக எழுந்து நின்று பேசினார். அவர் சொன்னதைச் செல்வராஜ் காவுதடியை இறக்காமலே எனக்குச் சொன்னார்: அக்கா சிரமப்பட்டிருக்க வேண்டாம். உப்பைக் கடையிலேயே வாங்கி நேற்றே உள்ளே வைத்துவிட்டோம். கொண்டுவந்ததை அந்த மூலையில் வைத்துவிட்டு, இங்கே ஒரு கையெழுத்து.

நவாஸ் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்.

ரஹ்மத்தும்மா மேசைக்குப் போகவில்லை. வரிசையின் தலையில் இருந்த காலி இடத்தில் போய்க் குடையை மடக்கி நின்றுகொண்டார். செல்வராஜ் பின்னால் நின்றார்.

விதானை சமையல் கட்டின் பக்கம் திரும்பி விறகுக்காரரைக் கூப்பிட்டார். விறகுக்காரர் கட்டைத் தலையில் வைத்தபடியே ரஹ்மத்தும்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். சட்டிக்காரரைக் கூப்பிட்டார். அவர் பெயர் சோமபால, எண்பத்தொன்பதில் வந்த குயவரின் மகன் என்று பிறகு தெரிந்தது. பருத்த, சிரித்த முகம். அவர் உறியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்.

யாரும் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. யாரும் நகரவும் இல்லை. விதானை மேளக்காரர்களைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் மேளத்தின் வாரை இறுக்கத் தொடங்கினார். இறுக்கி முடித்து, அவிழ்த்து, மறுபடி இறுக்கினார்.

பூசை செய்யும் கப்புறாளை, வெள்ளைத் துணி தலையில் கட்டிய முதியவர், சமையல் கட்டின் வாசலுக்கு வந்து நின்றார். அடுப்பு மூட்டும் நல்ல நேரம் நெருங்குகிறது என்றார். நேரம் தவறினால் ஆண்டு முழுவதற்கும் தவறியது போலாம். விதானை அவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் பதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. செல்வராஜ் என் காதருகே சொன்னார்: "உள்ளே இருக்கிற உப்பு யாருடைய உப்புன்னு கேக்குறாருங்க. கடைக்காரன் உப்புன்னா, கடைக்காரனக் கூப்பிட்டு விறகுக்கு முன்னால நிக்கச் சொல்லுங்கங்கிறாரு."

வரிசையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது. சோமபால ரஹ்மத்தும்மாவிடம் சொன்னதையும் செல்வராஜ் எனக்குச் சொன்னார். "அக்கே, கால் வலிக்கிறதா? எனக்கு வலிக்கிறது. ஆனால் இந்தச் சட்டிக்குக் கால் இல்லை, எவ்வளவு நேரமும் நிற்கும்."

விதானை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் நிலையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டுவர நினைத்தவர், எழுத்தில் இல்லாத ஒன்றின் முன்னால் நின்றார். கடைசியில் கையை வீசி, சரி, உப்பைக் கொண்டுவரட்டும், அளக்கலாம் என்றார்.

செல்வராஜ் காவுதடியோடு சமையல் கட்டை நோக்கி நடந்தார். வாசலில் கப்புறாளை கையை உயர்த்தினார். இவர் இல்லை, பங்கு வீட்டின் ஆள்.

அப்போதுதான் முற்றம் முழுவதும் நவாஸைப் பார்த்தது. ரஹ்மத்தும்மா மட்டும் பார்க்கவில்லை. அவர் மடக்கிய குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும், கூப்பிட்டால் போதும் என்று எனக்குப் பட்டது. அவர் சொல்லவில்லை.

நவாஸ் பேனாவை மேசையில் வைத்தார். எழுந்தார். சப்பாத்தைக் கழற்றினார், காலுறையைக் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகினார், காற்சட்டையைக் கணுக்காலுக்கு மேல் மடித்தார். ஒவ்வொன்றையும் மிக மெதுவாகச் செய்தார். செல்வராஜிடம் வந்து காவுதடியைத் தோளில் வாங்கினார். ஆச்சரியம், பைகள் ஆடவில்லை. மாமனாரோடு முன்பு வந்திருப்பார் போல. முகத்தை யாருக்கும் காட்டாமல் உள்ளே போனார்.

மரப்படியால் உப்பு அளக்கும் சத்தம் வெளியே கேட்டது. அளப்பவர் ஒவ்வொரு படிக்கும் எண்ணைப் பாட்டுபோல இழுத்துச் சொன்னார். முடிந்ததும் ஒரு பெயரைச் சொன்னார். இதுவரை கணவர் பெயரைச் சொன்ன இடத்தில் இந்த ஆண்டு ரஹ்மத்தும்மாவின் பெயர். அவர் தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு, "வெயில்" என்றார்.

பிறகு விறகு போனது, சட்டி போனது, அரிசி போனது, மேளம் தொடங்கியது. பாற்சோறு வாழையிலையில் எல்லோருக்கும் வந்தது, விதானைக்கும். சதுரமாக வெட்டிய வெள்ளைக் கட்டி, கித்துள் பனையின் கருப்பட்டித் துண்டோடு. நம் பொங்கலைப்போல் நெய்யும் முந்திரியும் இல்லை. தேங்காய்ப்பாலும் உப்பும் மட்டும். உப்பு சரியாக இருந்தது. இதை நான் கேலிக்காக எழுதவில்லை, உண்மையாகவே கவனித்துச் சாப்பிட்டேன்.

செல்வராஜ் இலையை மடித்தபடி சொன்னார்: "வித்தியாசம் என்னன்னு காலையில வரைக்கும் தெரியலீங்க. எங்களுக்கும் வேல இருந்துச்சு. எங்கள எழும்பச் சொன்னப்ப பக்கத்துல நின்னவன் சட்டிய எறக்காம நிக்கல. அதான்."

மாலையில் கொட்டகையில் உட்கார்ந்து மூன்று ஆண்டு விளைச்சலை ரஹ்மத்தும்மாவோடு பேசி முடித்தேன். மரம் யார் மண்ணில் நிற்கிறது என்ற கேள்விக்கு என்ன எழுதுவது என்று யோசித்து, 'தேவாலை மண், ரஹ்மத்தும்மாவின் மரம், நாளது தேதி வரை பங்கு உண்டு' என்று எழுதினேன். முதலாளிக்கு இது போதுமா என்று தெரியாது. நான் பார்த்தது இவ்வளவு.

இருட்டுவதற்கு முன் நவாஸ் வந்தார். சப்பாத்து இல்லை, செருப்பு. அவர் மாமியாரைப் பார்க்காமல் என்னிடம் சொல்வதுபோல் சொன்னார்: "நான் வெளிக்கிடும்போது விதானை சோமபாலட்ட சென்னத்தக் கேட்டேன். வாற வருசம் மண்சட்டி கொண்டுவர வேணாமாம். அலுமினியச் சட்டி வாங்கப் போறாராம். அவருக்கும் வாடகப் பேப்பர் எழுதித் தருவாராம்."

ரஹ்மத்தும்மா பாயில் கிடந்த பத்திரியைக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"சோமபால என்ன சென்னான்?"

"ஒண்டும் செல்லல்ல. சிரிச்சான்."

"சிரிக்கிற மனுசன்தான். இண்டைக்கி வீட்டுல சிரிச்சிருக்க மாட்டான்" என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு.

மாத்தளைக்குத் திரும்பும் நாள். வண்டியைச் செல்வராஜ் துடைத்துக்கொண்டிருந்தார். பிளேன்டீ இன்னும் கொதிக்கவில்லை. முதல் வேலையாக ரஹ்மத்தும்மா, இரவு அங்கேயே தங்கிவிட்ட நவாஸின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, ஓடைக்கு அந்தப் பக்கம் சோமபாலவின் வீட்டுக்குப் போனார். நாங்களும் அதே வழி என்பதால் பின்தொடர்ந்தோம். சோமபால வாசலில் களிமண் மிதித்துக்கொண்டிருந்தார். ரஹ்மத்தும்மா இறங்கவில்லை. வண்டியில் இருந்தபடியே சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். செல்வராஜ் எனக்கு அதைத் தமிழில் சொன்னார்:

"ஒன் மண்சட்டி உள்ளே போகும்னு தெரியாம, வாற வருசம் என் உப்பு தோள விட்டு எறங்காது."